கடலுக்குப் போன கவனம் அண்ணன்

எங்கள் தோட்டத்துக் கவனம் அண்ணனைவிட ஜாக்கிரதையான மனிதர் சப்ரகமுவ மாகாணத்தில் பிறந்ததில்லை. இனிப் பிறப்பார் என்றும் தோன்றவில்லை. பிறப்பதே கொஞ்சம் ஆபத்தான காரியம் என்பது அவருடைய கருத்து.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். ருவான்வெல்லைக்கு மேலே உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் கவனம் அண்ணன்தான். எதைப் பேசினாலும் அந்தச் சொல்லில் தொடங்கி அதிலேயே முடிப்பார். ஒரு கல்யாணத்தில், தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளையின் காதருகே குனிந்து “கவனம் தம்பி” என்றார். அந்தப் பையன் முடிச்சை மூன்று முறை இழுத்துப் பார்த்தது இன்றைக்கும் வீடியோவில் இருக்கிறது. அடிவாரத்துச் சிங்களக் கிராமத்தில் அவரைப் பரிஸ்ஸம் மாமா என்பார்கள். அதே சொல்தான், அவர்கள் மொழியில்.

தொழில், பெக்டரி எஞ்சினைப் பார்த்துக்கொள்வது. அவர் கையில் இருந்த காலமெல்லாம் அந்த எஞ்சின் பழுதாகி நின்றதில்லை. பழுதாகும் போல் சத்தம் மாறினாலே அவர் நிறுத்திவிடுவார்.

பஸ்ஸில் நடுச் சீட்டில்தான் உட்காருவார். முன்னால் இருந்தால் நாம் போய் இடிப்போம், பின்னால் இருந்தால் வேறொருவன் வந்து இடிப்பான். கண்டிக்குப் போகும் ரயில் ரம்புக்கனையில் மலையேறத் தொடங்குவதால், அங்கேயே இறங்கி பஸ் பிடிப்பார். பஸ்ஸும் அதே மலையில்தானே ஏறுகிறது என்று ஒரு முறை கேட்டேன். “பஸ்ல நாம கத்துனா ட்ரைவருக்குக் கேக்கும் தம்பி” என்றார். அடுத்த முறை நானும் ரம்புக்கனையில் இறங்கிவிட்டேன்.

ஆனால் அவருடைய பயங்களில் ஒன்று மட்டும் சிரிப்பதற்கானதல்ல. அவர் குடியிருந்த லயம், தொழிலாளர் வீடுகளின் வரிசை, ஒரு மலையை முதுகில் சுமந்துகொண்டிருந்தது. பின்கதவைத் திறந்தால் கை நீட்டும் தூரத்தில் மண்சுவர், அதற்கு மேலே ரப்பர் மரங்கள், அதற்கும் மேலே பாறை. ஒரு முறை உத்தியோகத்தர்கள் வந்து பார்த்துவிட்டு, இது மண் சரியக்கூடிய இடம், இங்கே யாரும் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே போய் இருப்பது என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து மழை தூறினால் போதும், கவனம் அண்ணன் லயத்தின் ஒவ்வொரு காம்பராவாக, வீடு வீடாகத் தட்டுவார். எல்லோரும் பாய் தலையணையோடு கீழே இருக்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் போக வேண்டும். பகலில் அம்மாமார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்தக் கட்டடம் சமதரையில் இருந்தது. போய்ப் படுத்துக் கண் மூடும்போது மழை விட்டிருக்கும். சபித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். தொழிற்சங்கத் தலைவர் ஆபீஸில் முறைப்பாடுகூடக் கொடுத்தார். அண்ணனின் மனைவி பாக்கியம் அக்கா, ரப்பர்ப் பால் வெட்டுகிறவர், வாய்க்கு அஞ்சாதவர். இந்த மனுசனோடு தினமும் மாரடிப்பதற்கு மலையே ஒரு தரம் விழுந்து தொலைக்கலாம் என்று பலர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

நாங்கள் கடலுக்குப் போன வருடம் கம்பனி எங்கள் பெக்டரியை மூடிவிட்டு, ரப்பர்ப் பாலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு லொறியில் அனுப்பத் தொடங்கியது. ஆபீஸ் கிளாக்கராக இருந்த எனக்கும், எஞ்சின்கார அண்ணனுக்கும் அங்கே இடம் உண்டு, ஆனால் சித்திரை வருஷப் பிறப்புக்குப் பிறகு வந்தால் போதும் என்றார்கள். எஞ்சின் இல்லாத கவனம் அண்ணன் தன் கவனம் முழுவதையும் மலைமேல் திருப்பினார். வெயிலடிக்கும் நாளிலும் பின்கதவில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எங்கள் பழைய தொரை எனக்குப் போன் செய்தார். தோட்டத்தில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்று நீர்கொழும்பில் குடியேறிய சிங்களவர் அவர். ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன பாய்ப்படகை வாங்கியிருந்தார். மார்கழி முதல் பங்குனி வரை மேற்குக் கரையும் தெற்குக் கரையும் அடங்கியிருக்கும். அந்த மாதங்களில் கரையைக் கண்ணில் வைத்துக்கொண்டே தங்காலை வரை போய், துறைக்குத் துறை தங்கி, மெதுவாகத் திரும்புவது அவர் ஆசை. படகில் ஒரு சின்ன எஞ்சினும் இருந்தது. அதைப் பார்க்கக் கவனத்தைக் கூட்டிக்கொண்டு வா, சமைக்கவும் கயிறு இழுக்கவும் நீயும் வா என்றார்.

தகவலைச் சொன்னதும் அண்ணன் மயங்கி விழுவார் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்திலேயே நின்றேன். அவர் திரும்பிப் பின்கதவுக்கு வெளியே மலையைப் பார்த்தார்.

“கடல்ல மலை இருக்குங்களா தம்பி?”

இல்லை என்றேன்.

“அப்ப வாரேன்.”

பாக்கியம் அக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட்டிக்கொண்டு போங்க, லயமே கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றார். புறப்படுமுன் அண்ணன் அவரைப் பின்பக்கம் அழைத்துப் போய்ப் பாடம் நடத்தினார். ஊற்றுத் தண்ணீர் கலங்கினால் கிளம்பு. மரம் சாய்ந்தால் கிளம்பு. கதவு காரணமில்லாமல் இறுகினால் கிளம்பு. சுவர் வெடிப்பில் விரல் நுழைந்தால் கேட்காமலே கிளம்பு. அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவர் கண் மட்டும் அடுப்பிலிருந்த சோற்றுப் பானையில் இருந்தது.

நீர்கொழும்பைவிட்டு வெளியே வந்து, பாயை ஏற்றி, காற்று பிடித்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாய்ப்படகு அப்படிச் சாய்ந்துதான் ஓடும் என்று தொரை பொறுமையாக விளக்கினார். அண்ணன் மேல்பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார்.

“சரிவுக்குப் பயந்துதானுங்க தொரை நான் ஊர விட்டே வந்தேன்.”

உயிர்காப்பு அங்கியை அன்று போட்டவர் கழற்றவில்லை. அதோடு சாப்பிட்டார், அதோடு தூங்கினார். காலியில் கரையிறங்கி மரக்கறி வாங்கப் போனபோதும் அந்த ஆரஞ்சு அங்கி உடம்பில் இருந்தது. திமிங்கிலம் பார்க்கும் வள்ளம் எத்தனை மணிக்குப் போகும் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் அவரிடம் விசாரித்தார். போகாமல் இருப்பதுதான் நல்லது என்று சைகையாலேயே விளக்கினார். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். உண்மையிலேயே போகாமல் இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு நாள் கடற்படைப் படகு ஒன்று எங்களை நிறுத்தியது. கடலில் நின்றுகொண்டு கடற்படையிடம் அடையாள அட்டையை நீட்டுவது தமிழனுக்குச் சாதாரணக் காரியமல்ல. நான் இரண்டு கையாலும் பிடித்து நீட்டினேன். அண்ணனோ அட்டையைக் கொடுத்துவிட்டு, எங்கள் படகில் தாவி ஏறிய இளம் சிப்பாயின் உயிர்காப்பு அங்கியில் ஒரு பட்டி அவிழ்ந்து கிடப்பதைக் கவனித்துவிட்டார். “பரிஸ்ஸமின் மாத்தயா” என்று, கவனம் ஐயா என்பதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே அதை எடுத்து மாட்டி இறுக்கினார். சிப்பாய் துப்பாக்கியை ஒதுக்கிப் பிடித்து இடம் கொடுத்தார். சோதனை அத்தோடு முடிந்தது. போகும்போது அந்தச் சிப்பாய் நாங்கள் கவனமாகப் போக வேண்டும் என்றார். தன் வேலையை ஒருவர் பறித்துக்கொண்டது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை.

நங்கூரம் போட்ட பிறகும் நிம்மதி கிடையாது. படகு இழுபட்டுப் போகிறதா என்று பார்க்கக் கரையில் இரண்டு மூன்று பொருள்களை அடையாளம் வைப்பது வழக்கம். ஹிக்கடுவையில் ஒரு பிற்பகல், நாங்கள் அடித்துச் செல்லப்படுகிறோம் என்று அண்ணன் போட்ட சத்தத்தில் தொரை கட்டிலிலிருந்து விழுந்தார். எழுந்து பார்த்தால் படகு போட்ட இடத்தில் போட்டபடி நிற்கிறது. அவர் அடையாளம் வைத்திருந்தது நிறுத்தியிருந்த ஒரு பஸ்ஸை. பஸ் புறப்பட்டுப் போயிருந்தது.

சிரித்தோம். ஆனால் பயம் தொற்று நோய். தை பிறப்பதற்குள் எனக்கும் பிடித்துவிட்டது. கேஸ் சிலிண்டரை மூடிய பிறகு மறுபடி போய்த் தொட்டுப் பார்த்தேன். போட்ட முடிச்சை அவிழ்த்து மீண்டும் போட்டேன். அடிப்பலகையில் ஈரம் தெரிந்தால் நக்கிப் பார்த்தேன், உப்பா இல்லையா என்று. தொரைகூட, திமிர் பிடித்த மனிதர், கருமேகம் எழும்பினால் முதலில் மேகத்தைப் பார்க்கமாட்டார். கவனம் அண்ணனின் முகத்தைப் பார்ப்பார்.

மிரிஸ்ஸைக்கு அப்பால்தான் அது நடந்தது. காற்றில்லை, கடல் எண்ணெய் போல் கிடந்தது. படகுக்குக் கொஞ்ச தூரத்தில் கறுப்பாக, ஈரமாக ஒன்று எழும்பியது. எழும்பிக்கொண்டே இருந்தது. முடிவே இல்லாமல் நீண்டது. திமிங்கிலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணனுக்கு வந்தது.

“மலை” என்றார்.

அது ஒரு பெருமூச்சு விட்டது. மழை போல் தூறல் எங்கள் மேல் விழுந்தது. பிறகு வால் காட்டாமலே உள்ளே போய்விட்டது. தொரை கைதட்டினார். அண்ணன் அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்து, மலையின் நலத்தை வழக்கத்தைவிட நீளமாக விசாரித்தார்.

காலையும் மாலையும் அந்தப் போன் தவறியதே இல்லை. சிக்னல் கிடைக்கும் வரை போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு படகின் முனைக்கும் பின்னுக்கும் நடப்பார். அக்காவின் பதில் எங்களுக்கும் கேட்கும். “இருக்குங்க, இருக்கு. நேத்து இருந்த எடத்துலயே இருக்கு” என்பார். ஊற்றைப் பார்த்தாயா என்று இவர் கேட்பார். பார்த்தேன் என்பார் அவர். பார்க்கவில்லை என்பது குரலிலேயே தெரியும். போனை வைத்த பிறகு அண்ணன் கரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து எங்கள் மலை தெரியாது. ஆனாலும் சரியாக அந்தத் திசையைத்தான் பார்ப்பார்.

தங்காலையில் ஒரு மாலை, அங்கியில் உப்புப் படிந்து நாறுகிறதென்று கழற்றித் துவைத்துக் கயிற்றில் காயப்போட்டார். பிறகு மறந்துவிட்டார். வெறும் பனியனோடு, காலைத் தண்ணீர்ப்பக்கம் தொங்கவிட்டு, நான் பொரித்துக் கொடுத்த மீனைத் தின்றுகொண்டு, சின்ன வயதில் ஓடையில் விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஞாபகப்படுத்திவிடாதே என்று தொரை எனக்குக் கண்ணைக் காட்டினார்.

பங்குனி பிற்பாதியில் திரும்பத் தொடங்கினோம். காலியில் தண்ணீரும் டீசலும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டோம். ஊரில் மழை தொடங்கிவிட்டதென்று முந்தின நாளே அக்கா சொல்லியிருந்தார். பிற்பகலில் இடி இடித்து ஒரு மணி நேரம் பெய்கிற வழக்கமான மழைதான் என்றார். அண்ணன் நம்பவில்லை. கரையோரமாக வரும்போதெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மாவட்டமான கேகாலைக்கும், இரத்தினபுரிக்கும் மண்சரிவு எச்சரிக்கை என்று செய்தி வந்தது. உடனே வீட்டுக்குப் போன் எடுத்தார். அக்காவின் போன் ஓய்ந்துகிடந்தது. பக்கத்துக் காம்பராவை அழைத்தார், அதுவும் இல்லை. கோயில் பூசாரியை, கடைக்காரரை, தன்மேல் முறைப்பாடு கொடுத்த தலைவரைக்கூட அழைத்தார். தோட்டத்தில் ஒரு போனும் பேசவில்லை. மின்சாரம் போயிருக்கும், டவர் நின்றிருக்கும் என்று தொரை சொன்னார். சொல்லும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

கவனம் அண்ணன் அந்தச் சொல்லை அன்று சொல்லவே இல்லை.

காலிக்கும் பேருவளைக்கும் பாதியில் இருந்தோம். திரும்பினாலும் அதே தூரம். பிற்பகலில் பேருவளையை நெருங்கும்போது கரைப்பக்கத்து வானம் கறுத்தது. காற்று சுத்தமாக நின்றது, பிறகு ஒரேயடியாக எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. தொரை சுக்கானைப் பிடித்துக்கொண்டு பாயை இறக்கச் சொன்னார். ஈரத் துணியோடு நான் மல்லுக்கட்டி இறக்கினேன். கிளப்பிய எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பேருவளைத் துறைமுகத்துக்கு முன்னால் பாறைகள் இருக்கின்றன. காற்று எங்களை அந்தப் பக்கமாகத்தான் தள்ளியது.

அண்ணன் அங்கியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எஞ்சின் இருந்த பொந்துக்குள் அதோடு நுழைய முடியாது. உள்ளே படுத்துக்கொண்டார். படகு குத்துக்கரணம் போடாத குறையாக ஆடியது. நான் டோர்ச் பிடித்தேன். டீசல் வரும் வழியில் கசடு அடைத்திருந்தது. குழாயைக் கழற்றி வாயை வைத்து உறிஞ்சித் துப்பினார். ஸ்பானரைக் கை நீட்டிக் கேட்டார். தலை இரும்பில் இடித்து இரத்தம் வந்ததை அவர் கவனிக்கவே இல்லை. பாறையில் அலை உடையும் சத்தம் கேட்டது. பாறை நெருங்குகிறது என்று மேலேயிருந்து தொரை கத்தினார். அண்ணன் என்னிடம் மெதுவாகத்தான் பேசினார்.

“அவ ஊத்தப் பாத்திருக்க மாட்டா தம்பி. எனக்குத் தெரியும். ஒரு நாளும் பாத்திருக்க மாட்டா.”

எஞ்சின் பிடித்தது. துறைமுகத்துக்குள் நுழைந்து மதிலோடு படகு ஒட்டியதும், நான் கயிறு கட்டுமுன் அவர் குதித்துவிட்டார். படகை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அவனோடு போ என்று தொரை என்னிடம் சொன்னார். தன் மழைக்கோட்டையும் என் தோளில் போட்டார். பிறகு இரண்டு மீனவர்களைப் பிடித்து அவர் படகை நீர்கொழும்புக்குக் கொண்டுபோனார்.

கொழும்புக்குப் பஸ், அங்கிருந்து விடிய முதல் பஸ்ஸில் அவிசாவளை. அண்ணன் ஏறியவுடன் முன் சீட்டில் போய் உட்கார்ந்தார், ட்ரைவருக்குப் பக்கத்தில். மெதுவாகப் போ என்று அவர் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாகப் போக முடியாதா என்று சிங்களத்தில் கெஞ்சினார். களனி ஆறு கலங்கிப் பெருகி, வாழைத்தோட்டங்களுக்குள் நின்றது.

ருவான்வெல்லை பஸாரில் ஓட்டோக்காரப் பையன் ஒருவன் அவரை அடையாளம் கண்டான். பரிஸ்ஸம் மாமா என்று ஓடிவந்து கையைப் பிடித்தான். முந்தின நாள் மலை உடைந்து விழுந்துவிட்டதாம், பாதை அடைபட்டிருக்கிறதாம், மேலே என்ன நிலைமை என்று தனக்குத் தெரியாதாம். போகக்கூடிய தூரம் வரை கொண்டுபோய்விட்டான்.

அதற்கு மேல் நடந்தோம். ரப்பர் மரங்களுக்கிடையில் குறுக்கு வழி. அண்ணன் முன்னால் போனார். வழுக்கி விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். நான் பின்னால் போய்க்கொண்டு என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்தேன். அவர் விழும்போதெல்லாம் தூக்கிவிட்டேன்.

லயம் நின்றது. கூரை தெரிந்ததும் என் மூச்சு வந்தது. கிட்டப் போனதும் மறுபடி போயிற்று. பின்பக்கம் முழுவதும் மண். கடைசி மூன்று காம்பராக்களின் அடுப்படிக் குசினிகளைத் தள்ளிக்கொண்டு, சிவந்த சேறு முன்வாசல் வரை வந்திருந்தது. அண்ணனுடையது அந்த மூன்றில் நடுவில் இருந்தது. ஒரு ரப்பர் மரம் வேரோடு அவர் வீட்டுக்குள் படுத்திருந்தது. ஆளில்லை. சத்தமில்லை. கதவுகள் திறந்து கிடந்தன.

அண்ணன் சேற்றில் முழங்கால் புதைய வீட்டுப் பக்கம் நடந்தார். பிறகு குனிந்து வெறுங்கையால் மண்ணை வாரத் தொடங்கினார். நானும் பக்கத்தில் விழுந்து வாரினேன்.

“அங்க என்ன தோண்டுறீங்க? இன்னும் மேல மண்ணு நிக்குது, இறங்கி வாங்க.”

கீழே, பிள்ளைக்காம்பராவுக்குப் போகும் படியில் பாக்கியம் அக்கா நின்றிருந்தார். கையில் அகப்பை. அவருக்குப் பின்னால் ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. லயமே அங்கேதான் இருந்தது. முறைப்பாடு கொடுத்த தலைவரும் இருந்தார், தோளில் யாருடையதோ கைக்குழந்தை.

மழை பிடித்த முதல் நாளிலிருந்தே அக்கா எல்லோரையும் தட்டியெழுப்பிக் கீழே கொண்டுவந்திருந்தாராம். ஊற்றை அவர் பார்க்காமல் இல்லை. அண்ணன் போன மறுநாளிலிருந்தே காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் பார்த்திருக்கிறார். தானும் பயப்படுவது தெரிந்துவிடும் என்று வெட்கப்பட்டு, போனில் அதைப் பொய்போலச் சொல்லியிருக்கிறார். வரமாட்டேன் என்ற கிழவர் ஒருவரைக் கட்டிலோடு தூக்கிவர வைத்தாராம். மலை பட்டப்பகலில்தான் விழுந்தது. பாத்திரம் எடுத்துவருகிறோம் என்று கிளம்பிய இரண்டு பெண்களை அவர் வாசலில் குறுக்கே நின்று தடுத்த கொஞ்ச நேரத்துக்குள் விழுந்திருக்கிறது.

கவனம் அண்ணன் படியிறங்கி வந்தார். முகமெல்லாம் சேறு, நெற்றியில் காய்ந்த இரத்தம். மனைவியை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

“நீ சிரிச்சியே பாக்கியம்” என்றார்.

“சிரிச்சேன்தான். நீங்க இருந்தீங்க, சிரிச்சேன்” என்றார் அக்கா. “நீங்க போனப்புறம் யாராவது ஒருத்தர் பயப்படணும்ல.”

சொல்லிவிட்டு அகப்பையைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தார். எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

அவருக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்தார்கள். பாதி குடித்தார். பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிற அந்த இரைச்சலின் நடுவில், சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். கொஞ்ச நேரத்தில் தகரத்தில் மறுபடியும் மழை கொட்டத் தொடங்கியது. அவர் அசையவில்லை. ஒரு சின்னப் பெண் பயந்துபோய், கவனம் மாமாவை எழுப்பவா என்று கேட்டாள். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினார்.

நான் தொரையின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு ஸ்டூலை எடுத்து வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தேன். அவர் எழுந்து வரும் வரை மலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.